தாய்ப் பூனையின் தாடை

சரணாகதியைப் பற்றிப் பேச வந்த நம் வைஷ்ணவ ஆசாரியர்கள், அதை விளக்குவதற்குக் கொல்லைப்புறத்தில் அன்றாடம் காணக்கூடிய இரண்டு பிராணிகளை எடுத்துக்கொண்டார்கள். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைக் காட்டி வடகலையார் சொன்னது மர்க்கட நியாயம். ஒரு பிரயத்தனமும் இல்லாமல் தாயின் வாயில் தொங்கியபடி போய்ச் சேரும் பூனைக் குட்டியைக் காட்டித் தென்கலையார் சொன்னது மார்ஜார நியாயம். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த வாதத்தில் குட்டியின் நிலையைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. தூக்கிக்கொண்டு நடக்கும் தாய்ப் பூனைக்குத் தாடை வலிக்குமா என்று கேட்டவர் எவரும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மந்தைவெளியில் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருக்கும் டீச்சர், தம் தம்பியின் சஷ்டியப்தபூர்த்திக்குக் கும்பகோணம் போகவேண்டி, மூன்று நாளைக்குத் தம் பூனைகளை என்னிடம் ஒப்படைத்துச் செல்லும் வரையில் எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. ஓய்வு பெற்றுத் தனியாக வசிக்கும் அவரிடம் இரண்டு பூனைகள் உண்டு. அவற்றில் மூத்ததான முத்து, வண்டியில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்து, பின்னங்கால் இரண்டும் செயலற்றுப்போன ஜீவன். ஒரு காப்பகத்தார், ‘பதினைந்து நாள் வைத்திருங்கள், அதற்குள் யாராவது எடுத்துக்கொள்வார்கள்’ என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டார்கள். இக்காலத்து இளைஞர்கள் இதை ‘ஃபாஸ்டர்’ என்கிறார்கள். அந்தப் பதினைந்து நாள் இப்போது ஐந்து வருஷமாகிறது.

முதுகெலும்பு முறிந்த பூனைக்கு நடக்க முடியாமற் போவது ஒரு பெரிய கஷ்டமே அல்ல என்பதை நான் அந்த மூன்று நாளில்தான் அறிந்தேன். முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு அது வீடு முழுதும் வளைய வருகிறது. ஜன்னலடிக்குப் போய் அணிலைப் பார்த்துப் பற்களைக் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. கஷ்டம் மூத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பை நிறைந்ததை உணரவும் தானாக வெளியேற்றவும் அதற்குச் சக்தி இல்லை. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று வேளை மனிதர் ஒருவர் கையால் அழுத்தி எடுக்கவேண்டும். தவறினால் சீழ்பிடித்து, நோய் சிறுநீரகம் வரையில் ஏறிவிடும்.

“பயப்படாதீங்க சார், எலுமிச்சம்பழம் மாதிரி கைக்குத் தட்டுப்படும். பிழியக் கூடாது. ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிச்சு, வால் பக்கமா மெதுவா அழுத்தணும்” என்று டீச்சர் செய்து காட்டியபோது, பூப்பறிப்பது போலத்தான் இருந்தது. மறுநாள் காலை நான் உட்கார்ந்தபோது எலுமிச்சம்பழமும் அகப்படவில்லை, ஒன்றும் அகப்படவில்லை. பழைய வேட்டித் துண்டின்மேல் முத்துவைச் சாய்த்துக்கொண்டு, இருபது நிமிஷம் அதன் வயிற்றில் நான் எதையோ தேட, அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை; கணக்கு வராத பையனைப் பார்க்கும் உபாத்தியாயருடைய பொறுமைதான் இருந்தது. பிறகு திடீரென்று விரல்களுக்கிடையில் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது, அழுத்தினேன், என் முழங்கால் நனைந்தது. வாழ்க்கையில் எத்தனையோ காரியம் சாதித்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு திருப்தியுடன் வேட்டி மாற்றிக்கொண்டதில்லை.

மூன்று நாளில் ஒன்பது வேளை. ஒன்பதாவது வேளை முடிந்தபோது எனக்கு முதுகு வலித்தது, மனத்திலும் ஒரு சலிப்பு தட்டியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. டீச்சருக்கு இது வருஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வேளை.

இளைய பூனைக்கு நடராஜன் என்று பெயர். கருவுற்ற பூனைக்குச் சில வைரஸ் நோய்கள் கண்டால், குட்டிகளின் சிறுமூளை சரியாக வளராமல் போய்விடுகிறது. பிறந்த நாள் முதல் தலை நடுங்கும், நடை தள்ளாடும். நடராஜன் சோற்றுத் தட்டை நெருங்கும்போது ஒரு காலைத் தூக்கி அப்படியே நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் முட்டி, மறுபடியும் காலைத் தூக்குவதைப் பார்த்தால் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இந்தக் குறை வயதோடு வளர்வதில்லை, வலியும் இல்லை. மற்ற பூனைகளைப் போலவே ஆயுசும் உண்டு. ஆனால் கடையில் துணி எடுப்பது போலப் பூனை எடுக்க வருபவர்கள், ‘இது ஏன் இப்படி ஆடுகிறது?’ என்று கேட்டுவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். இப்படி யாரும் கேட்டு வராத பூனைகள்தாம் நீண்ட காலப் பராமரிப்புக்கு வருகின்றன: கண் தெரியாதவை, சர்க்கரை வியாதிக்கு இருவேளை ஊசி வேண்டியவை, சிறுநீரகம் கெட்டுத் தோலுக்கடியில் குளுக்கோஸ் போலத் திரவம் ஏற்ற வேண்டியவை. மாதம் ஒரு வீடாக இவற்றை மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது. பூனை மனிதரைவிட இடத்தோடு அதிகம் ஒட்டிக்கொள்ளும் ஸ்வபாவம் உடையது; அதிலும் குருட்டுப் பூனைக்கு, வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தாலே உலகம் புரண்டுவிடும்.

காப்பகங்கள் எதற்கு இருக்கின்றன என்று கேட்கலாம். ஜீவகாருண்யத்தில் இந்தப் பட்டணம் பிற்பட்டதல்ல. புளூ கிராஸ் 1959-இல் இங்கே தோன்றியது. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் விடாமல் போராடியதன் பயனாக 1960-இல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்து, 1962-இல் அவரையே தலைவராகக் கொண்டு பிராணிநல வாரியம் அமைந்தது. ஆனால் வதை செய்யாதே என்று சட்டம் விதிக்கலாமே ஒழிய, காலை ஆறு மணிக்கு எழுந்து பூனையின் வயிற்றை அழுத்து என்று எந்தச் சட்டமும் விதிக்க இயலாது. நூற்றுக்கணக்கான பிராணிகளுக்கு நடுவில், தொற்றுநோய்க்கும் இரைச்சலுக்கும் நடுவில், கூலிக்கு வேலை செய்யும் ஒரே ஆள் அதைச் செய்வதும் அசாத்தியம். ஆகவே அது ஒரு வீட்டில், ஒருவர் மடியில்தான் நடந்தாக வேண்டும்.

அந்த ஒருவருக்கு நாம் செய்யும் உபகாரம் பெரும்பாலும் புகழ்ச்சி. ‘உங்களுக்குப் புண்ணியம் டீச்சர்’ என்று தெருவில் சொல்லாதவர் இல்லை. சிலர் பால் பாக்கெட் கொண்டுவந்து தருவார்கள். பாற்கடலையே நக்கிவிடப் புறப்பட்ட பூனையைக் கம்பர் அவையடக்கத்தில் வைத்ததாலோ என்னவோ, பூனை என்றால் நமக்குப் பால்தான் நினைவுக்கு வருகிறது; வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்பது நினைவுக்கு வருவதில்லை. பூனைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒரு மகானுபாவர் பாராசிட்டமால் வாங்கி வந்தார். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். நல்லவேளை, டீச்சர் விஷயம் தெரிந்தவர்.

உண்மையில் அந்த வீட்டைத் தாங்கி நிற்பவர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாதவர்கள். டீச்சர் முட்டையைக் கூடத் தொடாதவர். பூனையோ மாமிசம் இல்லாமல் உயிர் வாழாது, அதிலிருந்து கிடைக்கும் டாரின் என்ற சத்துக் குறைந்தால் கண்ணும் இருதயமும் கெடும். இந்தத் தர்ம சங்கடத்தைத் தீர்த்தவர், காலையில் கூடையோடு வரும் மீன்காரம்மா. மத்தியையோ சூடையையோ தம் வீட்டில் வேகவைத்து, முள் நீக்கி, டப்பாவில் போட்டுப் பின்கட்டில் வைத்துவிட்டுப் போகிறார். வேப்பேரிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோக்காரர் ஒருவர் காத்திருப்புக்குக் காசு வாங்குவதில்லை. மருந்துக் கடைப் பையன் ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்தியதும் நேரே வந்து, டீச்சருக்கு உடம்பு சரியில்லாத நாட்களில், அந்த வேளையைத் தான் பார்த்துக்கொள்கிறான். என் அபிப்பிராயத்தில், ஒரு தடவை உணர்ச்சிவசப்பட்டு ஐயாயிரம் ரூபாய் கொடுப்பதைவிட மாதந்தோறும் 300 ரூபாய் தவறாமல் கொடுப்பது மேல். அதைவிட மேல், வாரத்தில் ஒரு வேளையை நம்முடையது என்று எடுத்துக்கொள்வது. பொறுப்பை ஏற்றவருக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும், காய்ச்சல் வரும், சும்மா ஒரு நாள் தூங்க வேண்டும் என்றும் இருக்கும்.

அடுத்த மாதம் டீச்சருக்குக் கண்புரை அறுவை. பத்து நாளைக்குக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் போட்டுக் கொடுத்த முறைப் பட்டியல் அவர் வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. காலை ஆறு மணிக்கு என் பெயர். இரவு பத்துக்கு மருந்துக் கடைப் பையன். மதியம் இரண்டு மணிக்கு எதிரே இன்னும் யார் பெயரும் இல்லை. மந்தைவெளிப் பக்கம் இருப்பவர்கள் வரலாம்; எலுமிச்சம்பழத்தை எங்கே தேடவேண்டும் என்பதை நான் சொல்லித் தருகிறேன்.