மொழி வகுப்புக்கு மட்டும் சுழியமா?

"ஜெர்மனியில் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்தாயே, எத்தனை கிரெடிட் கிடைத்தது?"

திரும்பி வந்த நாள் முதல் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "ஆறு" என்பேன். சிரிப்பார்கள். விசாவுக்கு அலைந்து, கடன் வாங்கி, குளிரில் நடுங்கி, கடைசியில் ஆறு கிரெடிட்தானா?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2025-ஆம் ஆண்டு மார்ச் முதல் செப்டம்பர் வரை மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சென்றேன். அதில் மூன்று பகுதிகள்: ஜெர்மன் மொழி வகுப்பு, இரண்டு பொறியியல் பாடங்கள், எட்டு வாரத் தொழிற்பயிற்சி. பாடங்கள் இரண்டையும் இங்கே ஏற்றுக்கொண்டார்கள். தொழிற்பயிற்சி எங்கள் பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டில்தான் வருகிறது. ஆகவே, இரண்டாம் ஆண்டில் செய்தது கணக்கில் சேராது. மொழி வகுப்போ "துறைக்குத் தொடர்பில்லாதது". சுழியம்!

மொழி வகுப்பை விட்டுவிட்டு மேலும் இரண்டு பொறியியல் பாடங்களை எடுத்திருந்தால் குறித்த காலத்தில் பட்டம் பெற்றிருப்பேன். அப்படிச் செய்தவர்கள் உண்டு. நான் செய்யவில்லை, அதனால் ஒரு தவணை பின்தங்கிவிட்டேன். "இது புத்திசாலித்தனமான முடிவல்ல" என்று துறையில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்பொழுது சொல்கிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். 2015-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழி எழுத்துத் தாளில் 'டி' வாங்கினேன். ஆகவே, இடைநிலைப்பள்ளியில் என்னை முதலாம் படிவத்திற்கு அனுப்பாமல் புகுமுக வகுப்பில் உட்கார வைத்தார்கள். 'ரிமூவ் கிளாஸ்' என்றால் இதைப் படிக்கும் பலருக்கு உடனே புரியும். ஓராண்டு முழுவதும் மலாய். உடன் படித்த தோழிகள் முதலாம் படிவச் சீருடைப் பெருமையோடு நடந்துபோவார்கள். நாங்கள் கட்டடத்தின் கடைக்கோடி வகுப்பறையில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருப்போம். அந்த ஓராண்டை நான் யாரிடமும் சொல்வதில்லை. வயதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஜெர்மன் வகுப்பில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அந்த வகுப்பறை எனக்கு நினைவுக்கு வந்தது. ஆசிரியர் பேசுவதில் பத்தில் மூன்று சொல்தான் காதில் விழும். மற்ற மாணவர்கள் பதறினார்கள். எனக்குப் பதற்றம் வரவில்லை. புரியாத மொழிக்கு நடுவே வாயைத் திறந்து தப்பாகப் பேசுவதை நான் பதின்மூன்று வயதிலேயே பழகிவிட்டேன் அல்லவா!

இலக்கணம் வந்தபோது இன்னும் வியப்பு. பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்தால் 'டெர் கஃபே' என்பது 'டென் கஃபே' ஆகிவிடும் என்றார் ஆசிரியர். ஆங்கிலத்தில் மட்டுமே யோசிக்கும் நண்பர்கள் தலையில் கைவைத்தார்கள். எனக்கோ தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையில் எழுதிப்போட்ட இரண்டாம் வேற்றுமை உருபு கண்முன் வந்தது. காப்பி, காப்பியைக் குடித்தேன். அவ்வளவுதான்! அவர்களுக்கு வேற்றுமை நான்கு, நமக்கு எட்டு. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். நம் வினைமுற்று எப்போதும் அங்கேதானே இருக்கிறது. பெரியவரிடம் 'ஸீ', நண்பனிடம் 'டூ' என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. மூன்று பால்களை மனப்பாடம் செய்வதில் மட்டும் நானும் எல்லாரையும் போலத் திண்டாடினேன். மேசை ஏன் ஆண்பால் என்று இன்றுவரை தெரியாது.

தமிழ்ப்பள்ளி நமக்கு என்ன தந்தது என்று மேடையில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறோம். எனக்கு அது தந்த ஒன்றை அந்த வகுப்பறையில் கையில் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு விடுமுறை நாளில் ரயிலேறி ஹாலே நகருக்குப் போனேன். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் அச்சான ஊர் அது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் அமர்ந்து 'அ, ஆ' எழுதிப் பழகினார். அவரும் ஒரு ரிமூவ் கிளாஸ் மாணவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்!

இனித் தொழிற்பயிற்சிக்கு வருகிறேன். நாற்பது பேர் வேலை செய்யும் சிறிய தொழிற்கூடம். மாடியில் இருந்த பொறியாளர்கள் என்னோடு ஆங்கிலத்தில் பேசினார்கள். மரியாதையாகப் பேசினார்கள், வரைபடங்களைக் காட்டினார்கள். கீழே பட்டறையில் ஆங்கிலம் இல்லை. மதிய வேளையில் யாரைப் பார்த்தாலும் 'மால்ட்சைட்' என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் பட்டறையில் மூத்தவர் ஒருவர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். வரைபடத்தின் வரிசைப்படி துளையிட்டுப் பிறகு பற்றவைத்தால், சூட்டில் தகடு வளைந்து துளை இடம் மாறிவிடுகிறதாம். ஆகவே, அவர் முதலில் பற்றவைத்துவிட்டு, ஆறிய பிறகே துளையிடுவார். இதை மெதுவாக, கையை ஆட்டி, ஜெர்மனில் சொன்னார். பாதிதான் புரிந்தது. ஆனால், அந்தப் பாதி மாடியில் எவரும் எனக்குச் சொல்லாதது.

"ஆங்கிலம் தெரிந்தால் போதும்" என்று பரிமாற்றத் திட்ட விளக்கக் கூட்டங்களில் சொல்கிறார்கள். போதும்தான், மாடியில் இருந்துவிட்டு வருவதற்கு.

மொழியை முதலில் வைப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1982-இல் அரசாங்கம் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தபோது ஜப்பானுக்கு மாணவர்களை உடனே விமானம் ஏற்றவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தனி மையம் அமைத்து, இரண்டாண்டுகள் ஜப்பானிய மொழியும் அறிவியலும் கற்பித்த பிறகே அனுப்பியது. முழுப் பட்டப்படிப்புக்கு அது அவசியம், ஒரு தவணைக்கு அவசியமில்லை என்று சிலர் வாதிடலாம். ஒரு தவணைக்கு இரண்டாண்டு கேட்கவில்லை. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் நாற்பது மணி நேர உழைப்பு. மொழி வகுப்பில் நான் செலவிட்டது அதைப்போல் பல மடங்கு. அதை விருப்பப் பாடமாகவேனும் ஏற்றுக்கொள்ளக் கூடாதா? இங்கேயே வளாகத்தில் ஜெர்மன் எடுத்தால் கிரெடிட் உண்டு. ஜெர்மனியில் எடுத்தால் இல்லையாம். இது என்ன நியாயம்?

பணத்தைப் பற்றிப் பேசாமல் 'எல்லாரும் போங்கள்' என்று எழுதினால் அது ஏமாற்று. விசா பெற, செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாதத்திற்கு 992 யூரோ என்று கணக்கிடுகிறார்கள். ஏழு மாதத்திற்கு முப்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். அதை முடக்குக் கணக்கில் போட்டுவிட்டால் மாதாமாதம் நமக்கே திருப்பித் தருவார்கள். என்றாலும் முதலில் போடுவதற்கு வேண்டுமே! எனக்குப் பாதி உதவித்தொகை, பாதி மாமா கொடுத்த கடன். தொழிற்பயிற்சியில் கைச்செலவுக்குத்தான் கொடுத்தார்கள். படிப்போடு சேர்ந்த, மூன்று மாதத்திற்கு உட்பட்ட பயிற்சிக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஒரு தவணை பின்தங்கியது என்றால், மாமாவின் கடனை அடைக்கத் தொடங்குவதும் ஒரு தவணை பின்தங்கியது என்று பொருள். அம்மா இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வேலையில் மேலும் ஓர் ஆண்டு இருக்கப் போவதாக மட்டும் சொன்னார். இதை எழுதும்போது அந்தச் சொற்கள்தாம் என்னை உறுத்துகின்றன, கிரெடிட் கணக்கு அல்ல.

ஆயினும், மீண்டும் தேர்வு செய்யச் சொன்னால் மொழி வகுப்பைத்தான் எடுப்பேன்.

எங்கள் விளக்கக் கூட்டத்திற்கு வந்தவர்களில் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள் நானும் இன்னொருவரும்தான். அவர் பாதியில் எழுந்துபோய்விட்டார். "இங்கிலீஷே தடுமாறுது அக்கா, இதுல இன்னொரு மொழியா?" என்றார். மூன்று மொழிகளில் தேர்வெழுதிப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளை சொல்கிற பேச்சா இது? நம் கழகம் ஆண்டுதோறும் பேச்சுப்போட்டியும் கலை இரவும் நடத்துகிறது. வேண்டும்தான். கூடவே ஒரு சனிக்கிழமை, வெளிநாட்டு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். அழைத்தால் நான் வருகிறேன்.

மொழி வகுப்புக்குக் கிரெடிட் கேட்டு, ஜெர்மனிக்கும் கொரியாவுக்கும் போய்வந்த நான்கு பேர் கையெழுத்திட்டுத் துறைக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். எனக்கு அதனால் இனிப் பயனில்லை. எழுந்துபோன அந்தத் தம்பி இப்போது முதலாம் ஆண்டில்தான் இருக்கிறார்.