கோடி ரூபாய்க் காரும் எடைக்குப் போகும் மொபெட்டும்



1980களில் இத்தாலியில் செய்யப்பட்ட ஓர் அரிய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வந்தால், கார்ப் பிரியர்களிடையே அது பெரிய செய்தியாகிவிடும். பெராரி நிறுவனத்தின் '288 ஜி.டி.ஓ.' என்ற காரையே எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. மொத்தம் செய்யப்பட்டவை 272 வண்டிகள்தாம். இன்று ஏலங்களில் அதன் விலை 20 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. நம் பணத்தில் 15 கோடி ரூபாய்க்கும் மேல்!

நாற்பது வருடப் பழைய வண்டிக்கு ஏன் இத்தனை விலை? அதற்குள் இருக்கும் விஞ்ஞானத்தை முதலில் பார்ப்போம்.

அது 'குரூப் பி' என்ற கார்ப் பந்தயப் பிரிவுக்காக உருவான வண்டி. அந்தப் பிரிவில் சேர ஒரு நிறுவனம் குறைந்தது 200 வண்டிகளாவது செய்திருக்க வேண்டும். எஞ்சினின் கனஅளவுக்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பு 4000 சி.சி. ஆனால் இந்தக் காரில் இருந்ததோ டர்போ எஞ்சின். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனுடன் இணைந்த இன்னொரு சக்கரம் வெளிக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் ஆக்சிஜன் கூடும். கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். வீணாகப் போகும் புகையே வேலை செய்கிறது. ஆகவே டர்போ எஞ்சினின் கனஅளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். பெராரி பொறியாளர்கள் தேர்ந்தெடுத்த அளவு 2855 சி.சி. நீங்களே பெருக்கிப் பாருங்கள். 3997 வரும். வரம்புக்கு மூன்றே மூன்று சி.சி. குறைவு!

ஆனால் 1986ஆம் ஆண்டு நேர்ந்த கொடிய விபத்துகளுக்குப் பிறகு அந்தப் பந்தயப் பிரிவே கைவிடப்பட்டது. எந்தப் பந்தயத்துக்காகச் செய்தார்களோ அதில் அந்தக் கார் ஓடவே இல்லை.

இனி விலைக்கு வருவோம். இந்த விஞ்ஞானத்துக்காகவா கோடிகளைக் கொட்டுகிறார்கள்? முழுவதும் அப்படிச் சொல்ல முடியாது. இதே எஞ்சினை இரண்டு லட்சம் கார்களில் பொருத்தியிருந்தாலும் அதன் இயற்பியல் மாறியிருக்காது, விலைதான் சரிந்திருக்கும். பெரும்பங்கு விலை அருமைக்குக் கொடுக்கும் விலை. பிறந்தபோதே அரிய பொருளாக இருந்ததால், முதல் நாளிலிருந்தே அதை எல்லாரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

ஏராளமாகச் செய்யப்பட்ட ஒரு பொருளின் கதி என்ன? அதற்கு நாம் இத்தாலிக்குப் போக வேண்டாம். கர்நாடக எல்லையில் இருக்கும் நம் ஓசூருக்கு வந்தால் போதும்.

1980ஆம் ஆண்டு ஓசூரில் 'டி.வி.எஸ். 50' மொபெட் உற்பத்தி தொடங்கியது. இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. பால் கேனையும் ராகி மூட்டையையும் மாங்காய்க் கூடையையும் சுமந்து ஊர் ஊராக ஓடியது. அதன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் இல்லை. தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு முறை எரிபொருள் எரிந்து விசை கிடைக்கும். எளிமையான அமைப்பு, தெருமுனை மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடும் என்பது அதன் பெருங்குறை. 2015ஆம் ஆண்டு அதே நிறுவனம் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுடன் 'எக்ஸ்.எல். 100' வண்டியைக் கொண்டுவந்தது. இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன.

எண்ணிப் பாருங்கள்! ஒரே மாவட்டத்தில் மூன்று தலைமுறை எந்திரங்கள் பிறந்திருக்கின்றன. ஆனால் முதல் தலைமுறை வண்டிகள் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்து, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகின்றன. எங்கும் கிடைத்தது என்பதாலேயே எவரும் எடுத்து வைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். ஓசூரில் உருவான முதல் மொபெட்டுகள் 2030இல் அந்த வயதை எட்டும். அப்போது எத்தனை மிஞ்சியிருக்கும்?

"புகை கக்கும் வண்டியை ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைச் சாலையில் ஓட்டச் சொல்லவில்லை. பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சினை அறுத்து உள்ளே தெரியும்படி பள்ளி ஆய்வகத்தில் வைக்கச் சொல்கிறேன். அதன் பக்கத்தில் ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினையும், ஒரு மின் மோட்டாரையும் வையுங்கள். ஆற்றல் மாற்றம், வெப்ப இழப்பு, காற்று மாசு ஆகிய மூன்று பாடங்களும் அந்த ஒரு மேசையிலேயே இருக்கும். பெங்களூரில் விசுவேசுவரய்யா பெயரில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு இணைந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. எந்திரங்கள் பிறக்கும் ஓசூரில் அவற்றின் கதையைச் சொல்லும் இடம் ஒன்று வேண்டாமா? அரசும் ஆலைகளும் சேர்ந்து அதை அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பழைய மொபெட் எவர் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். எந்த ஆண்டு வாங்கியது, எதற்குப் பயன்பட்டது, எந்தப் பாகம் அடிக்கடி பழுதாயிற்று என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். வீட்டார் கொடுக்க முன்வந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். பதிவுச் சான்று வேலைகளைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆசிரியரோ மெக்கானிக்கோ பக்கத்தில் இல்லாமல் எதையும் பிரிக்கத் தொடங்காதீர்கள்.

இத்தாலியக் காரைக் காப்பாற்றப் பணக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நம் மொபெட்டுக்கு நாம்தான் இருக்கிறோம்.