கட்டி போனது, கணக்கு தப்புகிறது

நைனார்பாளையம் பக்கம் பருத்தி எடுப்புக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகிற பெண்கள் உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பதினைந்து பேர் எடுத்தால், பதினைந்து பேரின் எடையும் சாயங்காலம் தராசிலிருந்து நேரே அந்த ஒருத்தியின் தலைக்குள் போய்விடும். நோட்டு கிடையாது, பேனா கிடையாது. வாரக் கூலி பிரிக்கும்போது ஒரு கிலோ பிசகாது.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். மார்பில் கட்டி. அறுவை, பிறகு ஊசி மருந்து, பிறகு ‘கரண்ட்’. கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்துப் பேர் அதுதான். எல்லாம் முடிந்து, முடி வளர்ந்து, மறுபடி ஆள் கூட்டிப்போனார். முதல் வாரமே கணக்கு தப்பியது. ஒருத்தியின் எட்டு கிலோ இன்னொருத்தி பேரில் ஏறிவிட்டது. “யக்கா, நீ இப்படிப் பண்ணுவேன்னு நெனைக்கல” என்று கூட இருந்தவள் சொல்லிவிட்டாள். அன்றோடு அவர் ஆள் கூட்டுவதை விட்டார். மருத்துவமனைக் கோப்பின்படி அவர் குணமானவர்.

அவருக்கு நேர்ந்ததற்கு ஆங்கிலத்தில் செல்லப்பேர் போல ஒன்றை வைத்திருக்கிறார்கள்: கீமோ மூளை. பேர் அவ்வளவு சரியில்லை. கீமோ என்கிற அந்த ஊசி மருந்து ஒன்றே காரணமல்ல. முதல் ஊசி ஏறுமுன்பே சிலருக்கு நினைவும் கவனமும் மட்டுப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்தசோகை, தூக்கமின்மை, ஹார்மோன் தடுப்பு மாத்திரை, வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு, இவற்றோடு பயம், மனச்சோர்வு என்று பலதும் கூடித்தான் தலையைக் கனக்கச் செய்கின்றன. பலருக்குச் சில மாதங்களில் தெளிகிறது. சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கிறது. “இப்படி வரலாம், பெரும்பாலும் தணியும்” என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்தப் பருத்திக்காட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வந்திருக்கும். நாணயம் போயிருக்காது.

படித்து உத்தியோகம் பார்ப்பவருக்கு மறதி வந்தால் கைப்பேசியில் குறித்துக்கொள்வார். நினைவையே கைமுதலாக வைத்துப் பிழைப்பவருக்கு மறதி என்பது தொழில் நஷ்டம். அதைவிட, நேர்மைக்கே வந்த இழுக்கு. நகரத்து அறைகளில் எழுதப்படும் மனநலக் கட்டுரைகளில் இந்த இடம் வருவதில்லை என்பது என் மனக்குறை.

புற்றுநோயோடு வரும் மனவேதனையைக் கவனிக்கும் துறை புதிதல்ல. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977-இல் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் புற்றுநோயாளிகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு தொடங்கினார். புற்றுநோயாளியின் மனதைப் பார்ப்பது ஒரு தனி மருத்துவத் துறையாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவரும் அவரோடு இருந்தவர்களும் 1990-களில் கொண்டுவந்த கருவி ஒரு காகித வெப்பமானி. பூஜ்யம் முதல் பத்து வரை கோடு. ‘இந்த வாரம் உங்கள் வேதனை எதுவரை?’ நான்கோ அதற்கு மேலோ என்றால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். ‘மனநோய்’, ‘மனச்சோர்வு’ என்ற சொற்களை வேண்டுமென்றே தவிர்த்து ‘வேதனை’ என்று வைத்தார்கள். பைத்தியம் என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற அச்சம் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது.

நம்மிடமும் இப்படிப்பட்ட பிரிவு இல்லாமல் போகவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே உளவியல் துறை இருக்கிறது. ஆனால் அடையாறு அடையாறில் இருக்கிறது. எங்கள் சின்னசேலம் வட்டத்துக்காரருக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கு மேல். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் இருப்பவர் முதலில் மலையிறங்க வேண்டும். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஐந்து வாரம்கூட ஆகும். அந்த ஐந்து வாரமும் ஆடு மாடும் பிள்ளைகளும் யார் பொறுப்பு? மருத்துவரின் எதிரே கிடைக்கிற சில நிமிஷத்தில் கட்டியைப் பற்றிக் கேட்கவே நேரம் போதாது. மறதி, அழுகை, தூக்கமின்மை எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, கொல்லைப்புறத்தில் வருகிறவை. வியாதியைப் பார்ப்பது ஓரிடம், வேதனை தங்குவது வேறிடம்.

இன்னொரு சங்கதி, இது நாமே செய்வது. நோயாளியிடம் நோயின் பேரைச் சொல்வதில்லை. ‘புண்ணு’, ‘கட்டி’, ‘கர்ப்பப்பைல கொஞ்சம் கோளாறு’. மகன் மருத்துவரிடம் தனியே போய், “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்” என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். அதில் இருப்பது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் புற்றுநோய்ப் பிரிவு வரிசையில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். பிள்ளை மனசு நோகக்கூடாது என்று தெரியாதவள் போல இருக்கிறாள். இரண்டு பக்கமும் நாடகம் நடக்கிறது, பேச ஆளில்லை. யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம் தூக்கத்தைத் தின்கிறது, தூக்கம் கெட்டால் ஞாபகம் கெடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? வட்டத்துக்கொரு உளவியலாளர் வேண்டும் என்று எழுதிவிடலாம். எழுதுவது சுலபம். நான் பார்க்கிற வழி வேறு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இன்று எங்கள் தெருவுக்கும் வருகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண். வீட்டு நிலவரம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. நோய் ஆதரவு சிகிச்சைக்குச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போவது இதே திட்டத்தில்தான். ஆள் இருக்கிறார், வாகனம் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான் அவர்கள் படிவத்தில் சேர வேண்டும்.

அந்த வெப்பமானிபோலப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எங்கள் கிழவிகள் விழிப்பார்கள். ரூபாய்க்கு எத்தனை அணா கஷ்டம் என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். அணா செல்லாமல் போய் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் எட்டணாவும் பதினாறணாவும் வாயில் செல்லுபடியாகின்றன. பத்துக்கு நாலு என்பது ஆறணாச் சொச்சம். ஏழணா என்று பதில் வந்தால் செவிலியருக்குத் தகவல் போகட்டும். மறதிக்கும் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும் பரீட்சை வேண்டாம். அது பள்ளிக்கூடம் போனவர்களுக்கானது. முதியோரின் மறதிநோயைக் கண்டறிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நம் கிராமங்களுக்கென்றே கேள்விகள் உருவாக்கினார்கள். நோயாளியிடம் மட்டுமல்ல, கூட இருப்பவரிடமும் கேட்கிற முறை அது. அதே போக்கில், உலை வைத்ததை மறக்கிறாரா, கொடுத்த காசை மறுபடி கொடுக்கிறாரா என்று மருமகளைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

மருத்துவமனையும் ஒன்று செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற ஆங்கிலச் சுருக்கத்தோடு அரைப்பக்கம் தமிழில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பேருக்கு எழுதித்தர வேண்டும். இது வெறும் மரியாதைக்கல்ல. மார்பகப் புற்றுக்குப் பலர் வருஷக்கணக்கில் சாப்பிடும் டாமாக்சிபென் உடலுக்குள் ஒரு நொதியால் மாற்றம் பெற்றுத்தான் முழு வீரியத்தோடு வேலை செய்யும். மனச்சோர்வுக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் புளூவாக்ஸெட்டின் அந்த நொதியை முடக்கும். மனதுக்குத் தரும் மாத்திரை மார்புக்குத் தரும் மாத்திரையின் காலை வாரலாம். வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் எழுதிக்கொடுப்பவருக்கு இவர் டாமாக்சிபென் சாப்பிடுகிறார் என்று தெரிய வேண்டுமே! மறதிக்காரரே தன் மருந்துப் பட்டியலை ஒப்பிப்பார் என்று நம்பியிருக்கிறோம்.

2022 அக்டோபரில் வந்த 14416 என்ற இலவச ஆலோசனை எண் நல்ல ஏற்பாடு; எந்நேரமும் தமிழில் பேசலாம். சுவரில் எழுதிப் போடலாம். ஆனால் மலையில் சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேடிப் போய், முன்பின் தெரியாத குரலிடம் கர்ப்பப்பைப் புண்ணைப் பற்றிப் பேச எத்தனை பெண்களுக்கு வாய் வரும்?

எங்கள் மாவட்டத்துச் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டுவிட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்கும் நாளையும் புற்றுநோய் மறுபரிசோதனை நாளையும் ஒட்டி வைத்தால், ஒரே பஸ் செலவில், ஒரே நாள் கூலி இழப்பில் இரண்டும் முடியும். கூட வருகிற கணவரையோ மகளையோ அதே பெஞ்சில் உட்காரவைத்து, “நீங்க தூங்குறீங்களா?” என்று கேட்டுவிடவும் முடியும்.

பருத்திக்கார அம்மா இப்போது வீட்டோடு இருக்கிறார். அவர் கூட்டிப்போன ஆட்களை இன்னொருத்தி கூட்டிப்போகிறாள். அவளிடம் நோட்டு இருக்கிறது.