டெல்லி வண்டி மலிவு என்னும் நம்பிக்கை

தமிழ்நாட்டில் பழைய கார் வாங்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் போதும், சுற்றியிருப்பவர்களில் யாராவது கட்டாயம் சொல்வார்: “இங்கே ஏன் கொட்டிக் கொடுக்கிறீங்க? டெல்லி வண்டி எடுங்க. விலையும் குறைவு, துருவும் இருக்காது, லாரியில வீட்டு வாசலுக்கே வந்துடும்.” இந்த யோசனை இன்று பொது அறிவைப் போலப் பரவிவிட்டது. வாட்ஸ்அப்பில் சில படங்கள், வண்டியைச் சுற்றி வந்து எடுத்த ஒரு வீடியோ, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைச் சோதித்ததாகச் சொல்லும் ஓர் ஆய்வு அறிக்கை, அதன் பிறகு டோக்கன் அட்வான்ஸ். இவ்வளவும் இருந்தால், சுமார் 2,200 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் வண்டியை நேரில் பார்க்கத் தேவையில்லை என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, இடமாற்றம் வந்துவிட்டதாக அவசரம் காட்டி முன்பணம் பறிப்பவர்களை மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. அவர்களிடமிருந்து தப்பிக்கச் சாதாரண எச்சரிக்கை போதும். நான் பேசுவது நேர்மையாக நடக்கும் வியாபாரத்தைப் பற்றி. விற்பவர் ஒரு பொய்யும் சொல்லாவிட்டாலும், பார்க்காமல் வாங்குபவர் தன்னிடமிருந்த ஒரே பலத்தை, அதாவது வேண்டாம் என்று திரும்பிப் போகும் உரிமையை, பணம் கட்டும் நொடியிலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார். விலையில் கிடைக்கும் குறைவு அந்த இழப்பை ஈடுகட்டுவதில்லை.

மலிவுக்கு உண்மையான காரணம் ஒன்று இருந்ததை மறுக்க முடியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இலும் 2015-இலும் பிறப்பித்த உத்தரவுகளால், டெல்லியிலும் அதைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரத்திலும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடக் கூடாது என்றானது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நம் ஊரில் 15 ஆண்டு ஓடி, பிறகு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்து இன்னும் ஓடக்கூடிய ஒரு டீசல் கார், அங்கே எட்டாவது ஒன்பதாவது ஆண்டிலேயே வாங்க ஆளில்லாமல் நின்றது. விலை விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த நிலையும் இப்போது மாறியிருக்கிறது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4 புகைத் தரமும் அதற்கு மேற்பட்டதும் கொண்ட வண்டிகளுக்கு மட்டும் என்று வரையறுத்தது. டெல்லியில் 2010 முதலே பி.எஸ்.4 நடப்பில் இருந்ததால், இன்று பத்து வயதைத் தொடும் டீசல் கார்கள் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடுகின்றன. விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்த பிறகும் ஒரு வண்டிக்கு மிகக் குறைந்த விலை சொல்லப்பட்டால், காரணத்தை வண்டிக்குள்தான் தேட வேண்டும்.

சட்டம் நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் சேர்த்தே வெளியே தள்ளியது, ஆகவே டெல்லிச் சந்தையில் நல்ல வண்டிகளும் ஏராளம் என்று வாதிடுவார்கள். ஏராளமாகவே இருக்கட்டும். அவை யார் கைக்குப் போகின்றன என்பதுதான் என் கேள்வி. பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் சொல்லத் துணிவார். அந்த விலைக்கு நல்ல வண்டியைக் கொடுக்க அதன் சொந்தக்காரருக்கு மனம் வராது, கெட்ட வண்டிக்காரர் மகிழ்ச்சியோடு கொடுப்பார். இதை டெல்லிக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு நல்ல கார் விற்பனைக்கு வந்தால் முதலில் அறிபவர்கள் அதைப் பராமரித்த மெக்கானிக்கும் உரிமையாளரின் உறவினர்களும்தான். அடுத்து கரோல் பாக் போன்ற இடங்களின் வியாபாரிகள். அதற்கடுத்து பஞ்சாபிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்து, பத்து வண்டி ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துப்போகிறவர்கள். இத்தனை பேரும் பார்த்துவிட்டு விட்டுப்போன வண்டிகளிலிருந்துதான் திருநெல்வேலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பவர் தேர்ந்தெடுக்கிறார். தெரிந்தவர்கள் மறுத்ததைத் தெரியாதவருக்கு விற்பது வியாபாரத்தின் இயல்பு. அதற்கு யாரும் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை.

படமும் வீடியோவும் எதைக் காட்டும்? பெயின்ட்டைக் காட்டும், சீட் உறையைக் காட்டும். ஒரு பழைய காரின் விலையைத் தீர்மானிக்கும் விஷயங்களோ பெரும்பாலும் காதுக்கும் மூக்குக்கும் கைக்கும் காலுக்கும் எட்டுபவை. இரவு முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜினைக் காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது எழும் சத்தம், அப்போது சைலன்சரில் வரும் புகையின் நிறம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் காற்றின் வேகம் ஆகிய மூன்றும் இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லிவிடும். வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்தால் மூன்றில் பாதி மறைந்துவிடும். கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது, பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது, மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் என்ன சொல்கிறது என்பதை ஓட்டாமல் அறிய வழியே இல்லை. பானட்டைத் தூக்கி ஏப்ரனில் கம்பெனி வெல்டிங் இருக்கிறதா, டிங்கரிங் கடை வெல்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கதவு ரப்பரை இழுத்து பில்லரைப் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யமுனை 2023 ஜூலையில் 208.66 மீட்டர் உயரத்துக்கு ஏறி டெல்லியின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் கார்கள் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டி கழுவிக் காயவைத்த பிறகு படத்தில் புதுசாகத்தான் தெரியும். மாதங்கள் கழித்து ஒயரிங்கில் பச்சை பூக்கும்போதுதான் உண்மை வெளிவரும்.

ஆய்வு அறிக்கை இந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது என்பதே இப்போது அதிகம் சொல்லப்படும் பதில். நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்கள் என்ற எண்ணிக்கை மனத்தை மயக்குகிறது. அந்தப் பட்டியலில் கதவுக் கைப்பிடிக்கும் ஒரு வரி, கியர்பாக்ஸுக்கும் ஒரு வரி. எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி, ஆய்வு செய்தவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது. வண்டி விற்றால் வருமானம் பெறும் நிறுவனம் அனுப்பிய ஆள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சந்தேகம் வரும் இடத்தில் ‘வாங்க வேண்டாம்’ என்று எழுதும் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. அறிக்கையின் அடியில் சிறு எழுத்தில், ஆய்வு நாளன்று இருந்த நிலை மட்டுமே இது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் எவராலும் உறுதிசெய்ய முடிவதில்லை. டிஜிட்டல் மீட்டரைக் குறைக்கும் கருவி சிறிய பட்டறைகளிலும் கிடைக்கிறது. கடும் சட்டம் உள்ள அமெரிக்காவிலேயே ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான ஓடோமீட்டர் அளவோடு விற்கப்படுவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிடுகிறது. மீட்டர் உண்மையாகவே இருந்தாலும் டெல்லி நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏ.சி. போட்டு ஊர்ந்த 60,000 கிலோமீட்டரும், நான்குவழிச் சாலையில் ஓடிய 60,000 கிலோமீட்டரும் ஒன்றாகாது. இன்ஜின் உழைத்த மணிநேரத்தை மீட்டர் எண்ணுவதில்லை. துரு இல்லை என்ற பெருமைக்கும் பதில் உண்டு. சென்னை, தூத்துக்குடி உப்புக்காற்று அங்கே இல்லை என்பது சரிதான். துருவை நேரில் குனிந்து பார்த்தால் இங்கேயே கண்டுபிடித்துவிடலாம். தேய்ந்த கிளட்சையும் களைத்த இன்ஜினையும் அங்கிருந்து வரும் படத்தில் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் பேரம். நேரில் போய்ப் பார்ப்பவர் குறைகளைக் கண்டுபிடிப்பதோடு, கண்டுபிடித்தபின் கிளம்பிவிடவும் முடியும். அதை விற்பவர் அறிவார், அதனால் விலை இறங்கும். பார்க்காமல் வாங்குபவர் வண்டியை முதன்முதலாகப் பார்ப்பது லாரியிலிருந்து இறக்கும்போது. அதற்குள் முழுப் பணமும் போயிருக்கும், லாரி வாடகை போயிருக்கும், என்.ஓ.சி. எடுத்தாகிவிட்டிருக்கும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, முன்பு சோதிக்காத பொருளைச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. சட்டம் நம் பக்கம்தான் என்று இவற்றைக் காட்டிச் சொல்பவர்கள், நுகர்வோர் ஆணையம் வியாபாரியிடம் வாங்கியவருக்குத்தான் உதவும், தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் மீது அங்கே போக முடியாது என்பதைச் சொல்வதில்லை. வியாபாரி மீது உத்தரவு கிடைத்தாலும் அதை டெல்லியில் நிறைவேற்றிப் பணத்தை வாங்குவது இன்னொரு வழக்கு நடத்துவதற்குச் சமம். ஓட்டாத காருக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டே எத்தனை குடும்பம் அதைச் செய்யும்?

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலரும் ஓரளவு அறிவார்கள். ஆர்.சி., கடன் பாக்கி, செலான், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைப் பரிவாகன் தளத்திலேயே பார்க்கலாம். தொலைவிலிருந்து நம்பகமாகச் செய்ய முடிந்த சோதனை இது ஒன்றுதான். ஆனால் வேறு மாநில வண்டிக்கு இங்கே புது எண் வாங்கும்போது, வயதுக்கேற்பக் கழித்தாலும், வாழ்நாள் வரி மறுபடி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாடு உயர்த்திய விகிதங்கள் புதிய கார்களுக்கு 12 சதவீதத்தில் தொடங்கி 20 சதவீதம்வரை போகின்றன. டெல்லியில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். விலைப் பட்டியலில் தெரிந்த லாபத்தில் கணிசமான பங்கு இங்கேயே கரைந்துவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, அதே மாநிலத்தில் டீலரிடம் வாங்கும் புதிய வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லை என்றார்கள். வெளிமாநிலப் பழைய வண்டியையோ ஆய்வாளர் இன்றும் நேரில் வரச்சொல்லி சேசிஸ் எண்ணைச் சரிபார்க்கிறார். புதிய கார்கள் ஒன்றுபோல் இருக்கும், பழைய கார் ஒவ்வொன்றும் வேறு என்பதை அரசு புரிந்துவைத்திருக்கிறது. புதிய காரையே இணையத்தில் முன்பதிவு செய்கிறோமே என்பவர்களுக்கு நான் தரும் பதிலும் அதுதான்.

வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்து வருகிறது. இலங்கையில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் ஓடியவை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்படும்வரையும், 2025 பிப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பிறகும், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மக்கள் ஜப்பானிய ஏலத்தில் வண்டியின் தரத்தைக் குறித்துத் தரும் ஏலத் தாளை நம்பித்தான் வாங்குகிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? அங்கே அந்தத் தாளுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு நிற்கிறது. தரம் குறிப்பது ஏல நிறுவனத்தின் ஆய்வாளர். விபத்தில் அடிபட்டுச் சட்டகம் பழுதுபார்த்த வண்டிக்கு ‘ஆர்’ என்று தனித் தரம் போடுகிறார்கள். புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அரசு விதித்த ‘ஷாகென்’ சோதனைக்குப் போக வேண்டும், அதில் ஓடிய தூரம் பதிவாகும். பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய காரோடு அதன் கிலோமீட்டர் வரலாற்றைச் சொல்லும் ‘கார்-பாஸ்’ கொடுக்காமல் விற்கவே முடியாது. அங்கெல்லாம் வாங்குபவருக்குப் பதிலாக ஒரு நாடே வண்டியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலோ பழுதுபார்ப்புச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டி ‘டோட்டல் லாஸ்’ என்று தீர்க்கப்பட்ட கார், ஏலத்தில் கைமாறி, சீர்செய்யப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்தால், அதன் ஆர்.சி.யில் அந்த வரலாறு ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை.

பார்க்காமல் வாங்கி நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். லாபம் அடைந்தவர் தெருவெல்லாம் சொல்வார், நட்டப்பட்டவர் வீட்டாரிடம்கூடச் சொல்ல மாட்டார். அதனால் நம் காதுக்கு வரும் கதைகளை வைத்து வாய்ப்பைக் கணக்கிட முடியாது. இதில் இறங்குபவர்களில் பலர் நகையை அடகு வைத்தோ பி.எஃப். பணத்தை எடுத்தோ குடும்பத்தின் முதல் காரை வாங்குகிறவர்கள். ஒரு கியர்பாக்ஸ் செலவைத் தாங்கும் கையிருப்பு அவர்களிடம் இருப்பதில்லை. எல்லோராலும் டெல்லிக்குப் போய்வர முடியுமா என்று கேட்டால், முடியாதவர் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதே பணத்துக்குச் சொந்த மாவட்டத்தில் இரண்டு வயது கூடிய வண்டியை, நம்பும் மெக்கானிக்கோடு காலையில் போய்ப் பார்த்து, ஓட்டி, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரலாம். டெல்லி வண்டிதான் வேண்டும் என்றால் விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை அங்கே நாமே கூலி கொடுத்து அமர்த்தி, அவர் வேண்டாம் என்றால் அந்தக் கூலியை மறந்துவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களிடம் உள்ள டோட்டல் லாஸ் விவரத்தைப் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணுக்கு நேரே காட்டச் சொல்லியும், புகைச் சான்று எடுக்கும்போதெல்லாம் மீட்டர் அளவைப் பதிவுசெய்யச் சொல்லியும் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்திடம் நாம் கேட்க வேண்டும். வண்டி விவரங்கள் ஏற்கெனவே கணினியில்தான் இருக்கின்றன. இதைச் செய்யப் புதிதாக ஓர் அலுவலகம்கூடத் திறக்க வேண்டியதில்லை.