சிநேகிதனுக்குச் சலுகை, உழைப்பாளிக்கு நஷ்டம்

வன்னியம்பட்டி விவசாயத் தொழிலாளி கடன் கேட்டால் பட்டா எங்கே, ஜாமீன் எங்கே என்கிறார்கள். பெரிய இடத்துச் சிநேகிதனுக்கோ ஒரு கமிட்டியின் சம்மதம்கூட வேண்டியிருக்கவில்லை!

மில் தொழிலாளி போன்றோர் வயிற்றைக் கட்டிச் செலுத்தும் பிரிமியம்தான் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பணம். 1957 ஜூனில், அதில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ரூபாய் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. முதலீட்டுக் கமிட்டியைக் கேட்கவே இல்லை. காங்கிரஸ் அங்கத்தினர் பெரோஸ் காந்தியே பார்லிமெண்டில் இதை அம்பலப்படுத்தினார். நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதிமந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். 1963-ல் அதே பதவிக்குத் திரும்பினார்!

அன்று விதியை மீறி ரகசியம் காத்தார்கள். பின்னால் ரகசியத்தையே சட்டமாக்கினார்கள். 2018-ல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், எந்த முதலாளி எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது ஓட்டுப் போடும் நமக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்த பிறகே கணக்கு வெளிவந்தது. அதிகம் பெற்றது, அப்போது மத்திய ஆட்சியிலிருந்த பா.ஜ.க. அதிகம் கொடுத்தது கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி: 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு.

லாபமில்லாமல் முதலாளி கை நீட்டுவானா? கொடுத்தவர் யார், பதிலுக்குப் பெற்ற காண்டிராக்ட் எது, சலுகை எது? இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரசுரிக்க வேண்டும். மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இக்கோரிக்கையை எழுப்புவோம். பணம் நம்முடையது, கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே!