பள்ளிக்கு விடுமுறை, பனியன் கம்பெனிக்கு?

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். புத்தகப் பை மூலைக்குப் போய்விடும். கிறிஸ்துமஸ் தொடங்கி புத்தாண்டு வரை ஏறக்குறைய ஒரு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது.

"அப்பா, எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

திருப்பூர் ராயபுரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. அப்பா பவர் டேபிளில் தைக்கிறார். அம்மா செக்கிங் வேலை பார்க்கிறார். காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால், வீடு திரும்ப இரவாகிவிடும். விடுமுறை வாரம் முழுவதும் பிள்ளைக்குத் துணை செல்போன்தான்.

இது சரியா?

ஊருக்கெல்லாம் சட்டை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைகள் கிறிஸ்துமஸ் அன்று புதுச் சட்டை போடுகிறார்கள். அவற்றில் எத்தனையோ சட்டைகள் திருப்பூரில் தைத்தவை. அவை பல வாரங்களுக்கு முன்பே கப்பல் ஏறிவிடும். டிசம்பரில் கம்பெனிகளில் கோடைகாலத் துணி ஓடிக்கொண்டிருக்கும். அயல்நாட்டுப் பிள்ளை பண்டிகை கொண்டாடும் நேரத்தில், அதற்குச் சட்டை தைத்தவரின் பிள்ளை வாசற்படியில் காத்துக்கொண்டிருக்கிறது.

பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. பீஸ் ரேட்டில் தைப்பவர் ஒரு நாள் போகாவிட்டால், அன்றைய கூலி போயிற்று. வீட்டு வாடகை இருக்கிறது. பொங்கலுக்குச் சொந்த ஊர் போக வேண்டும். அந்தச் செலவை நினைத்தால் டிசம்பரில் லீவு போட யாருக்கு மனம் வரும்?

ஆனால், ஒரு வாரம் லீவு தேவையில்லை. ஒரு நாள் போதும். விடுமுறையில் எப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். துணி துவைப்பதிலும், சந்தைக்குப் போவதிலும், அலுப்புத் தீரத் தூங்குவதிலும் கழிகிற அந்த ஞாயிறை, ஆண்டில் ஒருமுறை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கைக்கு எட்டும் தூரத்தில்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனால்தான் சுற்றுலா என்று பலர் நினைக்கிறார்கள். விடுமுறை நாளில் அங்கே கூட்டமும் அதிகம், செலவும் அதிகம். திருப்பூரைச் சுற்றியே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஊத்துக்குளி சாலையில், சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 310 ஏக்கர். 2022ஆம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024ஆம் ஆண்டில் உலகச் சிறப்புள்ள ஈரநிலமாக 'ராம்சர்' பட்டியலிலும் சேர்ந்தது. டிசம்பர் மாதம் இங்கே பறவைகளைப் பார்க்க ஏற்ற காலம். குளிர் தாங்காமல் வடநாடுகளிலிருந்து பறவைகள் வருகின்றன. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்தும் இந்தக் குளத்துக்கு விருந்தாளியாக வந்திருக்கிறது. அதிகாலையில் போனால் நன்றாகப் பார்க்கலாம். இத்தனை தூரம் பறந்து வந்த பறவையைப் பிள்ளைக்குக் காட்டினால், பூகோளப் பாடம் தானாகவே மனத்தில் பதியும்.

அவினாசி சாலையில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. சுந்தரர் பாடிய தலம். கோயிலைப் பார்த்துவிட்டு, அந்த ஊர்ச் சிற்பக் கூடங்களையும் பாருங்கள். வெறும் பாறைக்கல் உளிபட்டு உளிபட்டுச் சிலையாவதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். அப்படியே அவினாசிக்குப் போகலாம். முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது அந்த ஊரின் வரலாறு. பாலகனின் கதையைப் பிள்ளைக்கு யார் சொன்னாலும் கண் இமைக்காமல் கேட்கும்.

இன்னும் கொஞ்ச தூரம் போக முடிந்தவர்கள் உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறலாம். திருமூர்த்தி மலையில் கோயிலும் அணையும் பஞ்சலிங்க அருவியும் இருக்கின்றன. அமராவதி அணைக்கட்டுக்குப் போனால் முதலைப் பண்ணை பார்க்கலாம்.

எங்கும் போக முடியாதவர்கள், திருப்பூர் ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள குமரன் நினைவகத்துக்காவது போய் வாருங்கள். 1932ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, தேசக் கொடியைப் பிடித்தபடி ஊர்வலம் போன குமரனைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். அடிபட்டு விழுந்தும் அவர் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். ராயபுரத்துப் பிள்ளை அந்த வழியாக எத்தனை முறை நடந்திருக்குமோ! ஒருமுறை நின்று, யார் இவர் என்று தெரிந்துகொள்ளட்டும்.

செலவு பெரிதல்ல. 2021ஆம் ஆண்டு முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து புளிசாதமும் தண்ணீரும் எடுத்துப் போனால் ஓட்டல் செலவும் மிச்சம்.

வீடு தேடிப் போவோம்

ஊர் பார்ப்பது போலவே உறவு பார்ப்பதும் விடுமுறையின் பயன். ஒரே ஊரில் இருந்துகொண்டு, கல்யாணத்திலும் சாவிலும் மட்டுமே சந்திக்கும் அண்ணன் தம்பிகள் எத்தனை பேர்! ஒரு மாலைப் பொழுது போய்ப் பாருங்கள்.

பக்கத்து வீட்டில் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தால், வாழ்த்துச் சொல்ல நாமே முதலில் போக வேண்டும். வாசலில் தொங்கும் நட்சத்திரத்தையும் உள்ளே வைத்திருக்கும் மாட்டுத்தொழுவக் குடிலையும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த மாதம் நம் வீட்டுப் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

மதுரை, தேனி, நெல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் திருப்பூரில் ஏராளம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து டேபிளில் ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருப்பவர், பண்டிகை நாளில் தனி அறையில் கிடப்பார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கவனம் தேவை

மார்கழிக் குளிருக்கு நடுவிலும் மலைமேல் மழை பெய்யும். அருவியில் திடீரென்று வெள்ளம் வரும். குளிக்கக் கூடாது என்று காவலர் சொன்னால் வாதம் செய்யாதீர்கள். முதலைகள் உள்ள அமராவதி நீர்த்தேக்கத்தில் கால் நனைக்கவும் வேண்டாம். பறவைகள் இருக்கும் இடத்தில் கூச்சல் கூடாது. பிளாஸ்டிக் பையைக் குளத்தில் வீசக் கூடாது. கூட்டத்தில் பிள்ளையின் கையை விடாதீர்கள். உங்கள் போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, அதன் பையில் வைத்து அனுப்புங்கள்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று தொழிற்சாலைச் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. தேசிய விடுமுறை நாட்களோடு ஆண்டுக்கு ஐந்து பண்டிகை நாட்களும் விட வேண்டும் என்று 1958ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. ஓய்வு யாரோ போடும் பிச்சை அல்ல, தொழிலாளியின் உரிமை.

சரக்குப் போகும் தேதி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடுகிற கம்பெனிகள் உண்டு. ஆர்டர் தவறினால் நஷ்டம் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அரையாண்டு விடுமுறை எப்போது வரும் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறையில் வரும் அந்த ஒரு ஞாயிறையாவது தொடாமல் விட்டுவிடலாம். இன்னும் மனமுள்ளவர்கள், தொழிலாளர் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி ஒரு நாள் சுற்றிக் காட்டலாம். மனம் தெளிந்து வந்தவர் தைக்கும் தையலில் பிசகு குறையும். கம்பெனிக்கும் அது லாபமே.

பிள்ளைகள் இன்று "எங்கே போகலாம்?" என்று கேட்கிறார்கள். பத்து வருஷம் போனால் அவர்களே ஒரு டேபிளில் உட்கார்ந்துவிடுவார்கள், அல்லது வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு நாம் அழைத்தாலும் அவர்களுக்கு நேரம் இருக்காது. இன்றே நாட்காட்டியை எடுத்து, விடுமுறையில் வரும் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தைப் பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள்.