ஊர்ப் பத்திரிகாசிரியர் படும் பாடு

செய்தித்தாளை விரிப்போர் முதற் பக்கத்தில் தொடங்கி விளையாட்டுப் பக்கத்தில் முடிப்பர். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற நுண்ணெழுத்தில் ஒரு வரி உளது. அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், ஆசிரியர் இன்னார் என்று கூறுவது அது. அவ்வரியைக் கருத்தூன்றிப் படிப்பார் இருவரே. ஒருவர், வழக்குத் தொடுக்க விழையும் வக்கீல். மற்றவர், அதிற் பெயர் பொறிக்கப்பெற்ற ஆசிரியர். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த வழக்கம் இது. அச்சட்டம் நீங்கி, 2023-இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த பின்னரும் அவ்வரி மறைந்திலது.

பெருநகரத்து நாளிதழ்களைப் பற்றி யாம் ஈண்டு எழுதப் புகவில்லை. செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், மாமல்லபுரம் ஆகிய ஊர்களின் நன்மை தீமைகளை எட்டுப் பக்கங்களில் அடக்கி, வாரம் ஒருமுறை வெளிவரும் சிறு பத்திரிகையே எம் பொருள். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அத்தகைய அலுவலகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் சிறுபணி எமக்குக் கிட்டியது. இரண்டு மேசைகள், ஒரு கணிப்பொறி, ஓயாது ஒலிக்கும் ஒரு கைப்பேசி: அலுவலகம் என்பது இவ்வளவே. ஆசிரியரோ, நிருபர்களை ஏவுவோரும் விளம்பரக் கணக்கெழுதுவோரும் சண்டைக்கு வருவோர்க்கு நாற்காலி இடுவோரும் தாமே.

பிறர் எழுதியதற்குத் தாம் பொறுப்பேற்றல் இத்தொழிலின் முதல் துன்பம். தமிழ்ப் பத்திரிகையுலகம் இதனை நெடுநாளாக அறியும். 1908-இல் 'இந்தியா' பத்திரிகையின்மீது அரசாங்கம் சினங்கொண்டபோது சிறை புகுந்தவர், அதில் எழுதிய பாரதியார் அல்லர். சட்டப்படிப் பொறுப்பாளராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் என்பவரே. 'தேசபக்தன்' வரலாறும் இத்தகையதே. அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் ஊரிற் பிறந்த திரு. வி. கலியாணசுந்தரனார், சென்னை வெஸ்லி கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியைத் துறந்து 1917-இல் அப்பத்திரிகையின் ஆசிரியரானார். மிஷன் கல்லூரியொன்றின் தமிழ் வகுப்பிலிருந்து நேரே செய்தி மேசைக்குச் சென்ற அவரை எண்ணுந்தோறும் எம்மனோர்க்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பே. அவர்க்குப்பின் அம்மேசையில் அமர்ந்தவர் வ. வே. சு. ஐயர். பத்திரிகையில் வெளியான ஒரு கட்டுரைக்காக 1921-இல் அவர் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை ஏற்றார். அக்கட்டுரை அவர் எழுதியதன்று. பெல்லாரிச் சிறையிலிருந்து கம்பரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலைப் போற்றும் நாம், அவரை அங்கு அனுப்பியது பிறரெழுத்து என்பதை மறந்துவிடுகிறோம்.

இக்காலத்து ஊர்ப் பத்திரிகாசிரியர்க்குச் சிறையச்சம் அத்துணை இல்லை. அவர்க்குள்ள அச்சம் வேறு. பட்டணத்து ஆசிரியர் தாம் எவரைப் பற்றி எழுதினாரோ அவரைத் தம் வாழ்நாளிற் காணாமலே இருந்துவிடலாம். செங்கற்பட்டு ஆசிரியரோ, புதனன்று எவரைக் கண்டித்து எழுதினாரோ அவரை வெள்ளியன்று இரயில் நிலையத்தின் வாயிலிலோ, ஞாயிறன்று ஆலயத்தின் பின்வரிசையிலோ கண்டே தீர்வார். ஏரி புறம்போக்கை வளைத்தவர் இவர் தம்பியோடு ஒரு வகுப்பிற் படித்தவராயிருப்பார். 'செய்தியைப் போடாதீர்' என்று எவரும் மிரட்டுவதில்லை. 'நம்ம பிள்ளை ஆயிற்றே' என்று வாஞ்சையோடு சொல்வர். மிரட்டலினும் இவ்வாஞ்சையே தாங்கற்கரியது என்று ஆசிரியர் எம்மிடம் ஒருநாள் கூறினார்.

இனி நிருபர்களைப் பற்றி. ஆசிரியரின் கண்ணும் காலும் அவர்களே. ஆனால் அக்கண்கள் கண்டது வேறாகவும், கால்கள் சென்றது வேறாகவும் சிலபோது இருக்கும். ஒரு விபத்தைப் பற்றி மூவர் எழுதியனுப்பினால் மூன்று செய்திகள் வரும். ஏட்டுப் பாடபேதங்களோடு மல்லாடும் தமிழ் ஆனர்ஸ் மாணாக்கராகிய எமக்கு இது புதிதன்று. சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளின் முன்னர், பெர்சிவல் ஐயர் 1855-இல் தொடங்கிய 'தினவர்த்தமானி' பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தவரும் அவர்களே. செய்தி மேசையிற் பழகிய கண்தான் பின்னர்ச் சுவடிகளை ஒப்புநோக்கியது போலும்! ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஏடு ஒப்புநோக்குவார்க்கு ஆண்டுகள் உள. ஊர்ப் பத்திரிகாசிரியர்க்கு இரவு பதினொரு மணி வரையே உளது.

மாமல்லபுரத்து நிருபரால் வரும் தொல்லை தனிவகை. கடலுள் மூழ்கிய கோயில்கள் ஆண்டுக்கொருமுறையேனும் அவர் எழுத்தில் மேலெழும். ஏழு கோயில்கள் பற்றிய கதையை ஐரோப்பிய மாலுமிகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பரப்பிவிட்டனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது பாறைகள் தெரிந்ததாகக் கண்டோர் கூறினர். அடுத்த ஆண்டில் சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் செங்கற்கட்டடமாகிய பழைய முருகன் கோயிலொன்றை அகழ்ந்தெடுத்தனர். மெய்யும் கதையும் இவ்வாறு பின்னிக் கிடக்குமிடத்தில் நிருபரை முற்றும் நம்பவும் இயலாது. முற்றும் தள்ளவும் இயலாது.

ஆயினும் அந்நிருபரை எள்ளி நகையாட எமக்கு மனமில்லை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன நாட்டுத் தலைவரும் மாமல்லபுரத்திற் சந்தித்தபோதும், 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும் உலகப் பத்திரிகைகள் பலவும் அக்கரைக்கு வந்தன. விழா முடிந்ததும் மூட்டை கட்டிச் சென்றன. அதன்பின் குப்பத்துக் குடிநீரைப் பற்றியும் கடலரிப்பைப் பற்றியும் எழுத எஞ்சியவர், ஒரு சிறு ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கும் இப்பகுதி நேர நிருபர் ஒருவரே.

யாம் பணியிலிருந்த ஒரு வியாழக்கிழமை இரவு நிகழ்ந்ததைக் கூறுகிறோம். பக்கங்கள் சென்னை அச்சகத்துக்குச் செல்ல வேண்டிய நேரம். கடற்கரைக் குப்பமொன்றிலிருந்து முந்தின நாள் விடியலிற் சென்ற நாட்டுப்படகு திரும்பவில்லை என்றும், நால்வர் மாண்டனர் என்றும் அந்நிருபர் எழுதியனுப்பினார். நீண்ட செய்தி, நான்கு பெயர்கள், நான்கு வயதுகள், ஒருவர் மனைவி கருவுற்றிருப்பதும் அதிலிருந்தது. ஆசிரியர் கைப்பேசியை எடுத்தார்.

"தம்பி, நீ கண்டாயா, கேட்டாயா?"

"கேட்டேன், ஐயா. குப்பமே அழுகிறது."

"அழுகிறவர்களில் எவராவது உடலைக் கண்டார்களா?"

மறுமுனையில் நெடுநேரம் ஒலியில்லை. பின்னர் அந்நிருபர் சினந்து பேசினார். தாயொருத்தி மண்ணிற் புரண்டழும்போது, 'நீ கண்டாயா' என்று எப்படிக் கேட்பது என்றார். ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. "கேட்க வேண்டாம், தம்பி. விடியும் வரை அங்கேயே இரு" என்றார்.

அச்சகத்தார் இருமுறை அழைத்துக் கடிந்தனர். காலந்தாழ்த்தினால் கூடுதற் கட்டணம் என்றனர். வாட்ஸப்பில் அதற்குள் நால்வர் படங்களும் மாலையிட்டு உலவத் தொடங்கிவிட்டன. அவற்றை எமக்குக் காட்டி, 'எல்லாரும் போட்டுவிட்டார்களே' என்று யாமே வாய்விட்டுச் சொன்னோம். இன்று எண்ணினால் நாணமாயிருக்கிறது. ஆசிரியர் எழுந்து ஒரு பழைய கட்டைப் பிரித்து, 2004 டிசம்பர் 30-ஆம் நாளைய நிகழ்ச்சியை எமக்குச் சொன்னார். பேரலை வந்து நான்கு நாட்கள்கூட நிரம்பாத அன்று, மீண்டும் அலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை உள்துறை அமைச்சகத்திலிருந்தே வெளிவந்தது. பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்த மக்கள் அவற்றை விட்டு உள்நாடு நோக்கி ஓடினர். அயல்நாட்டுத் தனியார் நிறுவனமொன்றின் கூற்றை நம்பி விடுத்த எச்சரிக்கை அது. அலை எதுவும் வரவில்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது 2007-இல்தான். "அரசாங்கமே ஓட வைத்துவிட்டது. நாம் எம்மாத்திரம்?" என்று கூறி ஆசிரியர் கட்டை மீண்டும் கட்டினார்.

எம் வேதத்தில் தோமா ஒருவர் உளர். காயத்தைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற அவரை ஐயவாதி என இகழ்வது ஞாயிறு பள்ளி வழக்கம். அன்றிரவு முதல் எமக்கு அவர்மீது மதிப்பு மிகுந்தது.

விடிவதற்குச் சற்று முன்னர் நிருபரிடமிருந்து அழைப்பு வந்தது. எந்திரம் பழுதாகி, வாடைக் காலத்து நீரோட்டத்தால் தெற்கே நெடுந்தொலைவு இழுத்துச் செல்லப்பட்ட படகை வேறு ஊர் மீனவர் கண்டு கரை சேர்த்தனர். நால்வரும் உயிரோடிருந்தனர். அந்நிருபர் பேசியதில் பாதி எமக்கு விளங்கவில்லை, அவர் அழுதுகொண்டிருந்தார்.

இதனோடு முடித்தால் அஃது ஓர் ஆசிரியரின் பெருமையைக் கூறும் கதையாகிவிடும். யாம் எழுத வந்தது அதுவன்று. மாதக் கடைசியில் நிருபர்களின் கணக்கை எழுதும் பணி எமக்கு வந்தது. அங்கே அளவுக்கேற்ற கூலி. வெளியான செய்தியை அங்குலக் கணக்கில் அளந்து பணம் தருவர். விளம்பரம் பிடித்து வந்தால் அதில் ஒரு பங்கு. நால்வர் மாண்டனர் என்று வெளியாகியிருந்தால் அச்செய்தி அரைப் பக்கம் பிடித்திருக்கும். நால்வர் மீண்டனர் என்றதால் மூன்று வரியாயிற்று. இரவு முழுதும் மணலில் விழித்திருந்தவருக்கு அம்மூன்று வரிக்கு விழுந்த தொகை, குப்பத்துக்குப் போய்வந்த பெட்ரோல் செலவுக்கும் போதாது.

நிருபர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று ஆசிரியர்கள் குறைகூறுவதை யாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்று அக்கணக்கேட்டின்முன் அமர்ந்தபோது, மிகைக்குக் கூலி கொடுப்பவர் யார் என்னும் வினா எமக்கு எழுந்தது. அழிவு பெரிதாயின் அங்குலம் மிகும்; அங்குலம் மிகின் கூலி மிகும். மனை விற்பவரின் முழுப்பக்க விளம்பரத்தில் பங்கு பெறும் அதே கை, அவர் வாய்க்காலைத் தூர்த்ததை எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இம்முறையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் நிருபரை ஐயுற்றுத் துயிலிழக்கும் ஆசிரியர், ஒரு கையால் தீயை மூட்டி மறு கையால் நீரிறைப்பவரே ஆவர்.

1955-இல் நடுவணரசு இயற்றிய சட்டம் பத்திரிகைத் தொழிலாளர்க்குக் காவலாக வந்தது. ஆயினும் பத்திரிகையையே முதன்மைத் தொழிலாக உடையவரையே அது பத்திரிகையாளர் என வரையறுத்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவ்வேலிக்கு வெளியே நின்றார். கடையில்லாவிடில் அவர் உண்பது எங்ஙனம்? கடை இருப்பதால் அவர் பத்திரிகையாளர் அல்லர்! இத்தகைய விதிக்கு உரை எழுத நச்சினார்க்கினியராலும் இயலாது.

சிறு பத்திரிகைக்கு வருவாய் ஏது, மாதச் சம்பளம் கொடுப்பது எங்ஙனம் என்று கேட்பர். ஆசிரியரும் எம்மிடம் அதையே கேட்டார். அவர் சட்டைப் பையின் நிலையை யாம் அறியாதவரல்லேம். முழுச் சம்பளம் வேண்டும் என்று யாம் கூறவில்லை. செய்தியை அளக்கும் அளவுகோலை எறிந்துவிட்டு, சென்று வந்ததற்குக் கூலி என்று வைக்கலாமே. ஓரிடம் சென்று கண்டு, 'அங்கு ஒன்றுமில்லை' என்று திரும்பி வருபவருக்கும் வழிச்செலவும் நாட்கூலியும் தரலாமே. விளம்பரம் பிடிக்க வேறொருவரை அமர்த்தலாமே. ஓராண்டுச் சந்தாவைக் கட்டாமலே பத்திரிகையை அண்டை வீட்டில் இரவல் வாங்கிப் படித்து, 'பத்திரிகைக்காரன் எல்லாம் பொய்யன்' என்று திண்ணையில் தீர்ப்புக் கூறுவோரும் இதிற் சிறிது பங்கேற்கலாமே. அத்தீர்ப்பை நம் கல்லூரி விடுதியிலும் யாம் கேட்டிருக்கிறோம். விடுதியில் அப்பத்திரிகை ஒரு படியும் வாங்கப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் ஆசிரியரிடம் ஒருவாறு எடுத்துரைத்தோம். அவர் மறுக்கவில்லை, உடன்படவும் இல்லை. கணக்கேட்டை வாங்கி, கடற்கரை நிருபரின் பெயருக்கு நேரே யாம் எழுதியிருந்த தொகையை அடித்து, வேறொரு தொகையை எழுதினார். எவ்வளவு என்று யாம் பார்க்குமுன் ஏட்டை மூடிவிட்டு, நான்காம் பக்கத்து மெய்ப்பை எம் முன் நகர்த்தினார்.